கேட்போர் இயந்திரமாயின்...

நூலின் பாயிரத்தில் உரைக்கத்தக்கனவாக நன்னூலார் எண்ணிய எட்டனுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. எவர்க்காக எழுதுகிறோம் என்று தெளிந்த பின்னரே எவ்வாறு எழுதுவது என்னும் வினா எழும். மனிதர் மட்டுமே கேட்போராக இருந்த நிலை இன்று மாறிவிட்டது. கணிப்பொறிக் கருவிகளுக்கு எழுதப்பெறும் விளக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல்களும் படிக்கின்றன. பணியொன்றை ஒப்படைத்தால், அதற்குரிய படிகளைத் தாமே வகுத்து, கருவிகளைக் கையாண்டு முடிக்கும் மென்பொருள்கள் இவை. இவற்றுக்கு உலாவியின் பிழையறி கருவிகளை விளக்கி எழுதும் முறையினை இக்கட்டுரையில் காண்போம்.

பிழையறி கருவிகள்

இணையப் பக்கத்தை நமக்குக் காட்டும் உலாவியினுள், அப்பக்கம் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயும் கருவிகளும் உள்ளன. 2006ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கென வெளிவந்த ஃபயர்பக் இத்துறைக்குச் சிறந்த வழிகாட்டியாயிற்று. அதன் வளர்ச்சிப் பணி 2017இல் முடிவுற்றது. இன்று குரோம் உலாவியில் 'டெவ்டூல்ஸ்' என்னும் பெயரில் இத்தகைய கருவிகள் அமைந்துள்ளன. பக்கத்தின் உறுப்புகளைக் காட்டுவது ஒன்று. பிழைச் செய்திகளைப் பதிவு செய்வது மற்றொன்று. பக்கம் இணையத்தின் வழியே கேட்டதையும் பெற்றதையும் பட்டியலிடுவது, வேகத்தை அளப்பது எனப் பிறவும் உள.

நிரல் எழுதுவோர் இவற்றைக் கண்ணால் கண்டு பிழையை உணர்வர். முகவர் நிரலோ, தான் எழுதியது உலாவியில் என்னவாயிற்று என்பதை எளிதில் அறிய இயலாதிருந்தது. கருவிகளோடு இத்தகைய நிரல்களை இணைப்பதற்கென 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதனைப் பின்பற்றிக் கூகுளின் குரோம் குழுவினர் 2025 செப்டம்பரில் டெவ்டூல்ஸ் கருவிகளை முகவர் நிரல்களுக்கும் திறந்துவிட்டனர். இந்நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளிடவேண்டிய விவரங்களின் அமைப்பு ஆகியன எழுதப்பெறுகின்றன. எக்கருவியை எப்போது எடுப்பது என்பதை முகவர் நிரல் பெரிதும் அச்சில வரிகளைக் கொண்டே முடிவு செய்கிறது. ஆகவே, விளக்கம் பிழைபடின் வினையும் பிழைபடும்.

மூவகைக் குற்றங்கள்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மூன்று இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கன.

முதலாவது, குன்றக் கூறல். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தும் கருவியை எடுத்துக்கொள்வோம். எப்பொத்தான் என்பதை ஓர் அடையாளக் குறியால் சுட்டவேண்டும். பக்கத்தின் உறுப்புகளை எழுத்து வடிவில் பட்டியலிடும் 'ஸ்னாப்ஷாட்' கருவியே அக்குறியைத் தருவது. பக்கம் மாறினால் பட்டியலையும் புதிதாகப் பெறவேண்டும். இவற்றையெல்லாம் விடுத்து, 'பொத்தானை அழுத்தும்' என்று மட்டும் எழுதினால் மனிதர் பழக்கத்தால் ஊகித்துக்கொள்வர். முகவர் நிரலோ இல்லாத குறியைத் தானே புனைந்து தரவும் கூடும்.

இரண்டாவது, மிகைபடக் கூறல். முகவர் நிரல் ஒரே வேளையில் கருத்தில் கொள்ளத்தக்க எழுத்தளவுக்கு வரம்பு உண்டு. வேக அளவையின் மூலப் பதிவு மிகப் பெரியது. அதனை அப்படியே கொட்டினால் வேண்டிய செய்தி மூழ்கிப்போகும். 'பக்கத்தின் மிகப்பெரிய உறுப்பு தோன்ற 4 நொடி ஆயிற்று; 2.5 நொடிக்குள் தோன்றுதல் நன்று; தாமதத்துக்குக் காரணம் இப்படம்' என்பது போன்ற சுருக்கமே பயன்தரும்.

மூன்றாவது, மயங்க வைத்தல். 'ஸ்னாப்ஷாட்' எழுத்துப் பட்டியலைத் தருவது. 'ஸ்கிரீன்ஷாட்' திரையைப் படமாகத் தருவது. பெயர்கள் நெருங்கியிருத்தலின், உறுப்புகளை அறிந்து செயற்பட முன்னதையும், நிறமும் அமைப்பும் காணப் பின்னதையும் எடுக்கவேண்டும் என விளக்கம் தெளிவாகப் பிரித்துரைத்தல் வேண்டும்.

எச்சரிக்கை

நாம் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் திறந்துவைத்துள்ள உலாவியை முகவர் நிரலுக்கு அளித்தால், அங்குள்ளன யாவும் அதன் பார்வைக்கு வரும். மேலும், தீயோர் ஒரு பக்கத்தில் மறைத்து எழுதிய வாசகத்தை உரியவரின் கட்டளையென அது மயங்கி ஏற்பதும் உண்டு. எனவே, வெறுமனே படிக்கும் கருவி எது, மாற்றம் செய்யும் கருவி எது என்று விளக்கத்தில் வேறுபடுத்திக் காட்டவேண்டும். ஆயினும் விளக்கம் மட்டுமே காவலாகாது. சொந்தக் கணக்குகள் ஏதும் திறக்கப்படாத தனி உலாவியில் இப்பணியை நடத்துவதும், மாற்றம் செய்யும் முன் மனிதரின் இசைவைப் பெறுவதும் இன்றியமையாதன.

கேட்போர் குறிப்பறிந்து நிரப்பிக்கொள்வர் என்னும் நம்பிக்கையில் நாம் பலவற்றைச் சொல்லாமல் விடுகிறோம். இயந்திரத்துக்கு எழுதும்போது அந்நம்பிக்கை துணை நில்லாது. விட்டுவிடத்தக்கது எது, சொல்லியே ஆகவேண்டியது எது என்று ஆய்ந்தறியும் பயிற்சியை இலக்கணம் கற்ற மாணாக்கர் முன்னரே பெற்றுள்ளனர். கணிப்பொறித் துறை அப்பயிற்சியை இன்று நாடி நிற்கிறது. அதனை அங்கும் பயன்கொள்ள நம் மாணாக்கர் முன்வருதல் வேண்டும்.