கடல் கடந்து கிடைத்த களம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், அலுவலகங்களிலும் கடைத்தெருக்களிலும் தேவாலய வாசல்களிலும்கூட ஜனங்கள் கூடிப் பேசும் விஷயம் கல்லூரி மாணவர்களின் கூடைப்பந்துப் போட்டியாகவே இருக்கும். 68 கல்லூரி அணிகள், ஒரு முறை தோற்றாலும் வெளியேறிவிட வேண்டும் என்ற கடுமையான விதிக்கு உட்பட்டு, மூன்று வார காலம் ஒன்றோடொன்று மோதுகின்றன. இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞன் ஒரே இரவில் தேசம் முழுவதற்கும் தெரிந்தவனாகிவிடுகிறான். அந்தப் பிரசித்தி அவனுக்கு மறு வருஷம் சோறு போடுமா என்று அந்த ஆரவாரத்தின் நடுவே யாரும் கேட்பதில்லை. கேட்டு, கணக்கையும் போட்டுப் பார்த்தால் மனம் துணுக்குறுகிறது. முதற்பிரிவில் ஆடும் கல்லூரிகள் 350க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து ஆட்டக்காரர்கள். இவர்கள் அனைவரும் கனவு காணும் என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தில் இருப்பவையோ 30 அணிகளே. அணிக்கு 15 நிரந்தர இடங்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அந்த அணிகள் கூடிப் புதியவர்களைத் தெரிவு செய்யும்போது அழைக்கப்படுகிறவர்கள் ஏறத்தாழ 60 பேர்தாம். அவர்களிலும் ஒரு பகுதி பிற தேசத்து இளைஞர்கள்.

எஞ்சிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடித்துக்கொண்டு வேறு ஜீவனோபாயத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஆட்டத்தை விட மனமில்லாதவர்களும், விட வேண்டாத அளவுக்குத் திறமை வாய்ந்தவர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்கும் துருக்கிக்கும் கிரீஸுக்கும் இத்தாலிக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் விமானமேறுகிறார்கள். இவ்வழி புதிதன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாபெரும் ஆட்டக்காரரான பில் பிராட்லி, 1965இல் நியூயார்க் நிக்ஸ் அணி தம்மைத் தெரிவு செய்திருந்தும் அதை ஒத்திவைத்துவிட்டு, ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனார். படித்துக்கொண்டே மிலான் நகரத்து அணிக்காக ஆடி, 1966இல் அவ்வணி ஐரோப்பியக் கோப்பையை வெல்லவும் உதவினார். பின்பு தாயகம் திரும்பி நிக்ஸ் அணியோடு இரண்டு முறை பட்டம் வென்று, அதன் பிறகு நியூ ஜெர்சி மாநிலத்தின் செனட்டராகவும் விளங்கினார். அவருக்கு அயல்நாடு ஒரு விருப்பத் தங்கல். மற்றவர்களுக்கோ அது வாழ்வின் பிரதான சாலையாகவே அமைந்துவிடுகிறது. அந்தச் சாலையின் இயல்பை விளங்கிக்கொள்ள, ஜிம்மர் ஃப்ரெடெட்டின் சரித்திரத்தைப் போல் உதவக்கூடியது வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் பிறந்தது 1989இல், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில். பந்து அவர் கையில் வந்து சேர்ந்ததற்கு அவருடைய தமையனாரே காரணம். விளக்கில்லாத தேவாலய நடைகூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தம்பி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடிவர வேண்டும். அண்ணனோ இருட்டில் கதவு மறைவுகளில் ஒளிந்திருந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாதபடி குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிக்க முயல்வார். கண்ணை நம்பாமல் கையையும் காதையும் நம்பப் பழகிய அந்த அப்பியாசத்தின் பலனை, பிற்காலத்தில் மூன்று பேர் சூழ்ந்துகொண்டபோதும் பந்தை இழக்காமல் வெளிவந்த அவருடைய ஆட்டத்தில் யாரும் காணலாம். அருகிலிருந்த சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளோடு ஆடியதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதிதான். 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அண்ணன் ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வைக்க, என்.பி.ஏ.வை எட்டுவதற்கு வேண்டிய உழைப்பையும் தியாகத்தையும் செய்வதாகத் தம்பி அதில் கையெழுத்திட்டார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் எதிர்காலத்தைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்வதில் உள்ள அழகையும் அபாயத்தையும் ஒருசேர நினைத்துப் பார்க்கிறேன்.

பெரிய கல்லூரிகள் அவரைத் தேடி வரவில்லை. மார்மன் திருச்சபையினர் யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரில் நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய குடும்பமும் அந்தச் சமயத்தைச் சேர்ந்ததே. நான்காம் ஆண்டில், அதாவது 2010-11 பருவத்தில், அவர் ஆடிய ஆட்டத்தைக் கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றார். ஜனவரி மாதத்தில், அதுவரை ஒரு தோல்வியும் காணாத சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக அணியை 71-58 என்று வென்றபோது, அந்த 71இல் 43 அவர் ஒருவர் எடுத்தவை. மார்ச்சில் நியூ மெக்சிகோ அணிக்கு எதிராக 52. எதிரணிக்காரர்கள் இன்னும் தடுப்புக்கு ஆயத்தமாகாத நேரத்தில், கூடையிலிருந்து எட்டு ஒன்பது மீட்டர் தூரத்தில் நின்று அவர் பந்தை எறிவார்; பந்து கையை விட்டுப் போனபோதே பார்ப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அவ்வாண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய பிரதான விருதுகளெல்லாம் அவருக்கே வந்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் முதல் முறையாக அவருடைய கல்லூரி தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாக வந்து, கூடுதல் நேரத்தில் ஃபுளோரிடாவிடம் தோற்றது.

அந்த ஜூன் மாதத்துத் தெரிவில் பத்தாமவராக அழைக்கப்பட்டு, சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியை வந்தடைந்தார். ஒப்பந்தப் பத்திரம் நிறைவேறிவிட்டது என்றே எல்லோரும் கருதினார்கள். ஆனால் அதே தெரிவில் கடைசியாக, அறுபதாமவராக அழைக்கப்பட்ட ஐசையா தாமஸ் என்பவரும் அதே அணியில் சேர்ந்து, அதே ஸ்தானத்துக்குப் போட்டியிட்டு, சிறிது காலத்திலேயே அவரை முந்திவிட்டார். கல்லூரியில் பந்து எப்போதும் ஃப்ரெடெட்டின் கையில் இருந்தது. இங்கே மூலையில் நின்று, பிறர் கொடுத்தால் வாங்கி எறிவதே அவர் வேலையாயிற்று. அவருக்கு வேகம் போதாது, எதிராளியைத் தடுக்கும் கால்வலிமை போதாது என்று பயிற்சியாளர்கள் கருதினார்கள். அக்கருத்தில் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை. பயிற்சியாளர்களோ இரண்டே ஆண்டுகளில் மூன்று பேர் மாறினார்கள். 2014 பிப்ரவரியில் கிங்ஸ் அவரை விடுவித்தது. பிறகு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், சான் அன்டோனியோ. அப்புறம் என்.பி.ஏ.வின் வளர்ச்சிச் சங்கமான டி-லீகில் ஓர் அணி. இடையே நியூயார்க்கில் பத்து நாள் ஒப்பந்தம். அந்த வளர்ச்சிச் சங்கத்தில் அதிகபட்ச ஆண்டுச் சம்பளமே அப்போது ஏறத்தாழ 25,000 டாலர்தான். ஐந்தாண்டுகளுக்கு முன் தேசமே கொண்டாடிய ஒருவர், என்றாவது கதவு திறக்கும் என்று சிற்றூர் அரங்குகளில் காத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் அமெரிக்க ஆட்டக்காரர்களின் வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் ஒரு நாள் உள்ளே அழைப்பார்கள் என்பது ஒரு வழி. ஆடுவதற்கு எங்கே இடமோ அங்கே போவது மற்றொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தவர்களைத் தோற்றவர்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் நெடுங்காலம் எண்ணிவந்தன. அந்த எண்ணம் அநியாயமானது என்பதே என் திடமான அபிப்பிராயம். வித்தை ஒன்று, அதை ஏற்கும் சபைகள் பல. ஒரு சபை ஒதுக்கியதனால் வித்தை பொய்யாகிவிடாது.

2016 ஆகஸ்டில் ஃப்ரெடெட் ஷாங்காய் ஷார்க்ஸ் அணியில் சேர்ந்தார். சீனத்தின் மாபெரும் வீரரான யாவ் மிங் இளமையில் ஆடியதும், பின்பு தாமே விலைக்கு வாங்கியதும் அந்த அணிதான். சீனச் சங்கத்தின் அந்நாளைய விதிகள் சற்று விசித்திரமானவை. ஓர் அணியில் பொதுவாக அயல்நாட்டவர் இருவருக்கே இடம் இருந்தது. அவ்விருவரும் சேர்ந்து ஓர் ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மொத்தம் ஆறு பகுதி நேரமே களத்தில் நிற்க முடிந்தது. கடைசிப் பகுதியில் ஒருவர் மட்டுமே. ஆகையால் அந்த ஒருவர் யாரோ அவர் மேல் முழுப் பாரமும் விழுந்தது. அமெரிக்காவில் ஐந்தாறு நிமிஷ ஆட்டத்துக்காக ஏங்கிக்கிடந்தவரிடம் பந்தைக் கொடுத்து, நீங்கள்தான் இனி எல்லாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஷாங்காய் நகரம் கண்டது. முதற்பருவத்தில் ஆட்டத்துக்கு 37.6 புள்ளி, அயல்நாட்டு வீரர்களுள் தலைசிறந்தவர் என்ற விருது, 2017இல் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி. 2018 நவம்பரில் பெய்காங் அணிக்கு எதிராக 75 புள்ளி எடுத்தார். அவருடைய அணியோ 136-137 என்று ஒரே புள்ளியில் தோற்றது. எவரும் துணை நிற்க இயலாத உயரத்தில் தனித்து நிற்பவர் என்னும் கருத்தில் சீன ரசிகர்கள் அவருக்குத் தனிமைத் தெய்வம் என்று பட்டப்பெயரிட்டார்கள். விமான நிலையத்திலும் ஹோட்டல் வாசலிலும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தப் புள்ளிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. சீனத்துத் தடுப்பாட்டம் என்.பி.ஏ.வின் தரத்தை எட்டியதன்று. அவர் இருந்த காலத்தில் ஷாங்காய் ஒரு முறையும் பட்டம் வெல்லவில்லை. அவருக்கு முன்பே சீனம் போன ஸ்டெஃபன் மார்பரியோ, பெய்ஜிங் அணிக்கு மூன்று பட்டங்கள் வென்று கொடுத்து, அந்நகரில் சிலையும் எழுப்பப்பெற்றார். இதை ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று நிற்கிறது: ப்ரோவோவில் கண்ட அந்த ஆட்டக்காரர் மறைந்துபோகவில்லை, அவர் ஆடுவதற்கு உரிய இடம் அத்தனை நாள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி இந்த வாழ்க்கையின் நடைமுறையைச் சிறிது பார்ப்போம். ஏஜெண்ட் ஒருவர் ஒப்பந்தம் பேசுகிறார். ஐரோப்பாவில் வரி போகக் கைக்கு வரும் தொகையையே சம்பளமாகக் குறிப்பிடுவது வழக்கம். குடியிருக்க வீடும், பல இடங்களில் காரும் அணியே கொடுக்கும். முன்பு ஆடிய நாட்டின் சங்கம் அனுமதிக் கடிதம் அனுப்பினால்தான் புதிய நாட்டில் களமிறங்க முடியும். களமும் மாறுகிறது: ஃப்ரெடெட் படித்த நாளில் கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.32 மீட்டர், என்.பி.ஏ.வில் 7.24, உலகச் சங்கத்தின் விதிப்படி 6.75. கையின் பழக்கம் கணக்கன்றோ? ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. அயல்நாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால், மூன்று ஆட்டம் சரியாக அமையாவிட்டால் நான்காவதற்குள் வேறொருவர் வந்து இறங்கிவிடக்கூடும். நிதி நொடித்த அணிகளில் சம்பளமே நின்றுபோவதுண்டு. அத்தகைய வழக்குகளை விசாரிப்பதற்கென்றே உலகச் சங்கம் 2007இல் ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டு ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாஷை தெரியாத ஊரில், டிசம்பர் மாதத்தில், வீட்டார் உறங்கும் நேரத்தில் விழித்து விழிக்கும் நேரத்தில் உறங்கும் தனிமை. இருபத்திரண்டு வயதுப் பையன்களை இது எவ்வளவு வாட்டும் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை.

பெண்களின் நிலையில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. அமெரிக்கப் பெண்கள் சங்கம் கோடையில் மட்டுமே ஆடுவதாலும், அதன் சம்பளம் நெடுங்காலம் சொற்பமாக இருந்ததாலும், கல்லூரிப் புகழ் பெற்ற வீராங்கனைகள் குளிர்காலத்தை ரஷ்யாவிலும் துருக்கியிலும் கழித்தார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பெயர் பெற்ற டயானா டௌராசி, தம் ரஷ்ய அணி கொடுத்த பணத்துக்காக 2015ஆம் ஆண்டின் அமெரிக்கப் பருவத்தையே விட்டு ஓய்வெடுத்தார். அதே ரஷ்ய அணிக்கு ஆடிய பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளுடன் பிடிபட்டு, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றம் நடக்கும்வரை சிறையில் வாடினார். ஜீவனத்துக்காகக் கடல் கடப்பவர்கள் அந்நாட்டின் அரசியலையும் சேர்த்தே சுமக்க நேர்கிறது.

ஃப்ரெடெட் 2019இல் என்.பி.ஏ.வின் ஃபீனிக்ஸ் அணியோடு சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, ஏதென்ஸ் நகரத்துப் பனாதினைகோஸ் அணிக்குப் போனார். அங்கே யாரும் அவரிடம் 75 புள்ளி கேட்கவில்லை. ஐரோப்பிய ஆட்டம் பந்தைப் பலர் கையில் சுற்றவிடும் ஆட்டம். கொள்ளை நோயால் பாதியில் நின்ற 2020 பருவத்தின் கிரேக்கப் பட்டம் அவ்வணிக்கே வழங்கப்பட்டது. மீண்டும் ஒரு பருவம் ஷாங்காய். அதன் பிறகு, அணிக்கு மூவர் வீதம் ஒரே கூடையின் கீழ் பத்து நிமிஷம் ஆடும் புதிய வகை ஆட்டத்தில் அமெரிக்க அணியில் சேர்ந்து, 2023 உலகக் கோப்பையில் வெள்ளியும் பான் அமெரிக்கன் விளையாட்டுகளில் தங்கமும் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆரம்ப ஆட்டங்களிலேயே தொடைத் தசை காயப்பட, எஞ்சியவற்றை வெளியே அமர்ந்து பார்க்க நேர்ந்தது. 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

அதற்குள் அந்தச் சாலையின் போக்குவரத்தே திசை மாறத் தொடங்கிவிட்டது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு விளம்பரப் பணம் ஈட்ட அனுமதி பெற்றார்கள். 2025 முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேராகப் பங்கு கொடுக்கலாம் என்றாயிற்று. ஐரோப்பிய அணிகள் தர முடியாத தொகையை அமெரிக்கக் கல்லூரிகள் தருவதால், ஐரோப்பாவின் தொழில்முறை அணிகளில் வளர்ந்த இளைஞர்கள் இப்போது மாணவர்களாகப் பதிவு செய்துகொண்டு அமெரிக்கா வருகிறார்கள். ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட் அணியில் தேறிய யெகோர் ட்யோமின் என்ற ரஷ்ய இளைஞர், 2024இல் சேர்ந்தது பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில். ஒரே ஆண்டு அங்கே ஆடிவிட்டு, 2025 ஜூன் தெரிவில் எட்டாமவராக ப்ரூக்ளின் அணிக்குச் சென்றார்.