ஆரஞ்சு பெயின்ட்டுக்கு அடியில்

செவர்லே ஆரஞ்சு பெயின்ட் ஒரு டப்பா அடித்தால் எந்த ஓட்டை என்ஜினும் புது மாப்பிள்ளை ஆகிவிடும். அதனால் பழைய என்ஜின் பார்க்கப் போனால் பளபளப்பாக நிற்பதைக் கடைசியில்தான் தொடுவேன். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். எங்கே ஒழுகியது, எவ்வளவு நாளாக ஒழுகியது என்பதை அந்த அழுக்கே சொல்லிவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ பக்கம். இங்கே 'பிக் பிளாக்' பைத்தியம் பிடித்தவர்கள் அதிகம். நானும் அதில் ஒருவன். செவர்லே 1965ல் கொண்டுவந்த பெரிய வி8 வரிசை அது. முதலில் 396 கன அங்குலம், மறுவருடம் 427, 1970ல் 454. கடைசியாகச் சொன்னது 7.4 லிட்டர், நம்மூர் மாருதி 800 என்ஜின் ஒன்பதை ஒன்றாகச் சேர்த்தாலும் அதை எட்டாது. முழுக்க இரும்பு, எடை 300 கிலோவுக்கு மேல். பென்சில்வேனியாவில் கார்லைல், ஹெர்ஷி சந்தைகளுக்குப் போனால் தார்ப்பாய் விரித்து வரிசையாக வைத்திருப்பார்கள்.

போன வருடம் ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணே, ஒரு பண்ணைக் கொட்டகையில 454 கிடக்குதாம். வாங்கலாமா?"

"வால்வு கவர்ல எத்தனை போல்ட்டுடா?"

"ஏழு."

நல்லது. நாலு என்றால் அது சின்ன பிளாக். மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்தது வார்ப்பு எண். என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில், இடப்புறமாக மேடாக வார்த்திருப்பார்கள். கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் இல்லாமல் அதைப் படிக்க முடியாது. தேய்த்துப் போட்டோ அனுப்பினான்: 3963512. இந்த எண் எதையும் முடித்து வைக்காது. 1969ல் இதே பிளாக்கில்தான் 427 செய்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து 454. இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டர் விட்டம், ஒன்றுதான், 4.25 அங்குலம். மாறுவது கிராங்க்: 427ல் ஸ்ட்ரோக் 3.76 அங்குலம், 454ல் 4.

பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்பக்கம் கிராங்க் முனையில் இருக்கும் கனத்த வட்டு, அதான் பேலன்ஸர், அதைப் பார்க்க வேண்டும். 454 கிராங்க்குக்கு எடைச் சமன் வெளியிலிருந்து வருகிறது. அதனால் அதன் பேலன்ஸரில் ஒரு பக்கம் மட்டும் எடை கூடுதலாக இருக்கும். 396, 427 இரண்டிலும் வட்டம் சுற்றிலும் ஒரே சீர். பிற்காலத்தில் யாராவது வேறு கிராங்க் மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தம்பி அனுப்பிய படத்தில் வட்டம் சீராக இருந்தது. "விற்கிறவர் 454ன்னே சொல்லட்டும். நீ வாயைத் திறக்காதே, நான் வர்றேன்" என்றேன். 427க்குக் கிராக்கி அதிகம்.

நேரில் போனதும் முதலில் பார்த்தது முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழே உள்ள சின்னச் சமதளம். தொழிற்சாலையில் எண் குத்துகிற இடம் அது. டி (T) என்ற எழுத்தில் தொடங்கினால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலையில் பூட்டியது. பிறகு மாதம், தேதி, எந்தக் காருக்கு எந்த என்ஜின் என்ற குறி. சிஆர்வி என்று முடிந்தால் 1970 செவல் காருக்கான 450 குதிரைத்திறன் எல்எஸ்6 என்ஜின். அந்த மூன்று எழுத்துக்காக விலை எகிறுவதால் பழையதை இழைத்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவர்களும் உண்டு. ஆலையில் சீவிய தளத்தில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் ஓடும். மழுமழுவென்றோ சுழிசுழியாகவோ இருந்தால் சந்தேகப்படலாம். இன்னொரு சோதனை, பிளாக்கில் வார்ப்புத் தேதியும் இருக்கும்: ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, பிறகு நாள், வருடத்தின் கடைசி இலக்கம். வார்ப்பதற்கு முன்பே என்ஜினைப் பூட்டியிருக்க முடியாது இல்லையா? காட்சிக்கு வைக்கும் காருக்கு என்றால் இதெல்லாம் முக்கியம். ஓட்டுவதற்கு என்றால் அந்த எழுத்துக்கு நான் ஒரு டாலர்கூடக் கூட்டித் தரமாட்டேன்.

'ஃபோர் போல்ட் மெயின்', அதாவது கிராங்க்கைப் பிடிக்கும் மூடிக்கு நாலு போல்ட், என்று பெருமையடிப்பார்கள். சம்ப்பைக் கழற்றிக் காட்டினால் ஒழிய நம்ப வேண்டாம்; சாலையில் ஓட்ட ரெண்டு போல்ட்டே தாராளம்.

உண்மையில் பயப்பட வேண்டியது விரிசலுக்கு. இங்கே குளிர்காலத்தில் பிளாக்குக்குள் வெறும் தண்ணீர் தங்கிவிட்டால் அது உறைந்து 9 சதவீதம் போல விரியும், இரும்பு பிளந்துவிடும். பக்கவாட்டில் வட்டத் தகர மூடிகள் இருக்கும். அவை பிதுங்கியிருந்தாலும், எல்லாமே புத்தம்புதுசாக இருந்தாலும், அதற்குக் கீழே சம்ப் விளிம்பு வரை விரலால் தடவிப் பார்ப்பேன். எபாக்ஸி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும். படகிலிருந்து கழற்றியது என்றால் நான் கிட்டேயே போவதில்லை. உப்புத் தண்ணீர் உள்சுவரைத் தின்றிருக்கும்; இரட்டை என்ஜின் படகு என்றால் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும் ரகமாகவும் இருந்து தொலைக்கும்.

எங்கள் பிளாக்கில் விரிசல் இல்லை. ஒரு பிளக் ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டதில் பிஸ்டன் தலையில் 030 தெரிந்தது: ஒரு முறை முப்பது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு) போர் அடித்தாகிவிட்டது. அறுபது என்றிருந்தால் சுவர்க் கனத்தை அளக்காமல் வாங்கியிருக்க மாட்டேன்.

கடைசியாகக் காற்று. ஓடாத என்ஜினிலும் செய்யலாம். ஒரு கம்ப்ரஸர் போதும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பிளக் ஓட்டையில் காற்றை ஏற்ற வேண்டும். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் காற்று பிஸ்டனைத் தள்ளிவிடும். கிராங்க் போல்ட்டில் மாட்டிய நீளக் கம்பி சுழன்று முழங்கையைப் பதம் பார்க்கும். பிறகு காதை வைக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் இரைச்சல் என்றால் ரிங். கார்புரேட்டரில் என்றால் இன்டேக் வால்வு. இது எத்தனை பெயின்ட் அடித்தாலும் மறையாது.

ஏழில் ஒழுங்காக நின்றது. ஆறாம் சிலிண்டரில் மட்டும் எக்ஸாஸ்ட் வழியாகச் சீறியது. விற்கிறவரையே குனிந்து கேட்கச் சொன்னோம். கேட்டார், தலையைச் சொறிந்தார், ஹெட் வேலைக்கென்று முந்நூறு டாலர் குறைத்தார். வண்டியில் ஏற்றிவிட அவருடைய டிராக்டரையே கொண்டுவந்தார்.