கூடங்குளமும் ஆர்சிசியும்

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களுக்கு வரும் மின்சாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பங்கும் உண்டு. 1000 மெகாவாட் திறனுள்ள அதன் முதல் உலையில் நியூட்ரான் மோதி யுரேனிய அணுக்கரு பிளக்கிறது. அப்போது வெளிவரும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கின்றன. அந்தச் சங்கிலித் தொடரின் வெப்பம் நீரை நீராவியாக்க, அது டர்பைனைச் சுழற்றுகிறது.

இதே ஊர்க்காரர்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் திருவனந்தபுரம் ஆர்சிசி மருத்துவமனையில் இருப்பது துகள் முடுக்கி. இது மின்சாரம் தருவதில்லை, தின்கிறது. நுண்ணலை உந்த, எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கிப் பாய்ந்து டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர்தான் கட்டியைத் தாக்குகிறது.

பெரிய வேறுபாடு, நிறுத்தும்போது தெரியும். சங்கிலித் தொடர் நின்ற பிறகும் உலையின் எரிபொருள் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். குளிர்விக்காமல் விட்டால் உருகிவிடும். 2011இல் புகுஷிமாவில் நடந்தது அதுதான். முடுக்கியிலோ, சுவிட்சை அணைத்த கணமே கதிரும் நின்றுவிடும்.

அதனால் முடுக்கியில் சிகிச்சை முடிந்தவரின் உடலிலிருந்து கதிர் எதுவும் வீசாது. வீடு திரும்பியதும் பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.