கணிப்பொறித் தொழிலும் அதன் ஊழியர்களும்: ஒரு நிறுவனத்தின் வரலாறு தரும் பாடம்

விஞ்ஞான வளர்ச்சியின் விளைவாக ஒரு தொழில் தேய்வதும் மற்றொரு தொழில் தழைப்பதும் உலகிற்குப் புதிதன்று. விசைத்தறியின் வரவால் கைத்தறி நெசவாளர் அடைந்த இன்னல்கள் யாவரும் அறிந்தவையே. ஆயினும், மாறுதலைப் படைத்தவர்களே அம்மாறுதலால் வேலையிழக்கும் விந்தையை மின்னணுக் கணிப்பொறித் தொழிலில் தெளிவாகக் காணலாம். கணிப்பொறிக் கல்வியை நாடும் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆலோசனை கூறும் பொறுப்பு ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் உண்டு. அவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

கம்பளி ஆலையில் ஒரு புதுத் தொழில்

அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு என்னும் சிற்றூர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்த பெரிய கம்பளி ஆலை 1950இல் மூடப்பட்டது. 1957இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் இரு பொறியியலார் 70,000 டாலர் மூலதனத்துடன் அவ்வாலையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர்.

அக்காலத்துக் கணிப்பொறிகள் பெருங்கூடங்களை அடைத்து நின்றன. கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, பொறிக்குப் பொறுப்பான அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டு, விடைக்காகக் காத்திருப்பதே வழக்கம். கணக்கிடுபவரே பொறியின் முன் அமர்ந்து அதனை நேரடியாக இயக்க வேண்டும் என்பது இவ்விருவரின் எண்ணம். 1965இல் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் சிறு கணிப்பொறியின் விலை சுமார் 18,000 டாலரே. ஆராய்ச்சிக்கூடங்களும் கல்லூரிகளும் சிறிய தொழிற்சாலைகளும் அதனை வாங்க முடிந்தது. இன்று உலகெங்கும் பயன்படும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையின் முதல் வடிவம், 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இந்நிறுவனத்தின் பி.டி.பி.-7 பொறியில்தான் எழுதப்பெற்றது.

ஊழியரின் நம்பிக்கை

1980களில் ஐ.பி.எம். நிறுவனத்திற்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பெரிய கணிப்பொறி நிறுவனமாக டிஜிட்டல் உயர்ந்தது. அதன் ஊழியர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பொறியியலார் தம் கருத்தை மேலதிகாரியிடம் எதிர்த்துரைக்கலாம். புதிய திட்டம் ஒன்றை முன்மொழிபவரே அதனை ஏற்று நடத்தவும் வேண்டும். வேலை குறைந்த காலத்திலும் ஆட்குறைப்புச் செய்வதில்லை என்பது நெடுங்கால மரபு. திறமையும் உண்மையான உழைப்பும் இருப்பின் வாழ்வு நிலைபெறும் என்று ஊழியர்கள் நம்பியதில் வியப்பில்லை.

நம்பிக்கை தகர்ந்த காரணம்

1971இல் இண்டெல் நிறுவனம் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கான் சில்லில் அமைத்து முதல் வணிக நுண்செயலியை வெளியிட்டது. கணிப்பொறியின் மையப் பகுதி முழுவதும் விரல் நுனியளவிற்குச் சுருங்கிற்று. இதனை டிஜிட்டல் அறியாமல் இல்லை. 1977இல் பல சுற்றுப்பலகைகளைக் கொண்டு அமைத்த வாக்ஸ் பொறியின் செயலியை, 1985இல் அதுவே ஒரு சில்லில் அடக்கியது. 1992இல் அதன் பொறியியலார் வெளியிட்ட ஆல்ஃபா செயலி, அக்காலத்தின் மிக விரைவான செயலிகளுள் ஒன்றாகும்.

எனவே திறமைக் குறைவு இங்குக் காரணமன்று. தொழிலின் அமைப்பே மாறிவிட்டது. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில், செயலி ஒரு நிறுவனத்தினுடையது. இயக்க முறை மற்றொன்றினுடையது. அதே பாகங்களை வாங்கிக் கோத்து யாரும் அத்தகைய பொறியை மலிவாக விற்க முடிந்தது. செயலி, வட்டு, இயக்க முறை அனைத்தையும் தானே படைத்து, அச்செலவு முழுவதையும் உயர்ந்த விலையால் ஈடுசெய்து வந்த நிறுவனம் இப்போட்டியில் நிற்க இயலவில்லை.

1990களின் தொடக்கத்தில் ஆட்குறைப்பு வந்தது. 1992இல் ஓல்சன் பதவி துறந்தார். 1998இல், தனியாள் கணிப்பொறிகளை விற்று வளர்ந்த காம்பாக் நிறுவனம் சுமார் 960 கோடி டாலருக்கு டிஜிட்டலை வாங்கிற்று. 2002இல் அந்தக் காம்பாக்கும் ஹ்யூலெட் பாக்கார்டில் கலந்தது. பல ஆண்டு உழைத்துக் கற்ற தனித்திறன்கள் சந்தையில் மதிப்பிழந்தன. வேலை இழப்பைக் காட்டிலும், நன்கு செய்த வேலை காவாது போயிற்றே என்னும் எண்ணமே பொறியியலார்க்குப் பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள்

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000க்கு மேற்பட்டோரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரையும், அதே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் விலக்குவதாக அறிவித்தன. டிஜிட்டல் நட்டத்தில் மூழ்கியபோது ஆட்களைக் குறைத்தது. இந்நிறுவனங்களோ லாபம் ஈட்டிக்கொண்டே குறைத்தன. பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் சேர்த்தது இதற்கு ஒரு காரணம். நிரல் எழுதும் பணியில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளே செய்யத் தொடங்கியிருப்பது, பணியில் எஞ்சியோரின் கவலையைப் பெருக்கியுள்ளது.

மாணவர்க்குச் சொல்ல வேண்டியவை

இவற்றைக் காட்டி மாணவர்களை அச்சுறுத்துதல் கூடாது; கணிப்பொறிப் படிப்பு வாழ்நாள் முழுவதற்கும் உறுதியளிக்கும் என்று கூறுவதும் கூடாது. ஒரு பொறியின் இயக்கத்தை மட்டும் கற்றவர், அப்பொறி வழக்கொழியும்போது கலங்குகிறார். கணிதம், தருக்க முறை, மின்னணுவியலின் அடிப்படை, ஒரு சிக்கலைப் பகுத்து ஆராயும் பழக்கம் ஆகியவற்றைக் கற்றவர்க்கோ வேறு வாயில்கள் திறக்கின்றன. டிஜிட்டலை 1988இல் விட்டு நீங்கிய டேவ் கட்லர், அங்கு இயக்க முறை அமைத்துப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு மைக்ரோசாஃப்டில் விண்டோஸ் என்.டி. உருவாவதற்குத் தலைமை தாங்கினார்.

எல்லார்க்கும் இத்தகைய வாய்ப்பு அமைவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. தொழிலின் மாறுதலைத் தனி ஊழியர் ஒருவர் தம் திறமையால் மட்டும் தடுத்துவிட இயலாது. வேலையிழந்தோர்க்கு மறுபயிற்சியும் இடைக்காலப் பாதுகாப்பும் அமைத்தல் சமுதாயத்தின் கடமையாகும். நிறுவனத்தின் வீழ்ச்சியைத் தம் அறிவின் வீழ்ச்சியாகக் கருதி மனம் தளர வேண்டுவதில்லை என்பதை மாணவர்கள் பள்ளிப் பருவத்திலேயே உணர்வராயின், பிற்காலத்தில் அவர்கட்கு அது பெருந்துணையாக அமையும்.