வில்லியம் டின்டேல்

வில்லியம் டின்டேல் (ஏறத்தாழ 1494 – 1536) இங்கிலாந்தைச் சேர்ந்த அறிஞர். புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதிகளுள் ஒருவர். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முதன்முதலில் அச்சிட்டவர் இவரே. அதற்காக நாட்டை விட்டு வெளியேறி, இறுதியில் உயிரையும் இழந்தார்.

பின்னணி

14ஆம் நூற்றாண்டில் ஜான் விக்ளிஃபைப் பின்பற்றியவர்கள் இலத்தீன் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கையெழுத்துப் படிகளாகப் பரப்பினர். இதைத் தடுக்க, ஆயரின் ஒப்புதலின்றி விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கூடாது என 1409இல் திருச்சபை விதித்தது. டின்டேல் காலத்திலும் அவ்விதி நடைமுறையில் இருந்தது. இலத்தீன் அறியாத மக்கள் குருக்கள் சொல்லக் கேட்டே மறைநூலை அறிந்தனர்.

மொழிபெயர்ப்புப் பணி

குளோஸ்டர்சயரில் பிறந்த டின்டேல், ஆக்சுபோர்டில் 1515இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மறுஆண்டு எராசுமசு வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு, பின்னர் அவருடைய மொழிபெயர்ப்புக்கு மூலமாயிற்று. 1523இல் இலண்டன் ஆயர் கத்பர்ட் டன்ஸ்டாலிடம் ஆதரவு கேட்டார், கிடைக்கவில்லை. 1524இல் ஜெர்மனிக்குச் சென்றார். கொலோன் நகரில் தொடங்கிய அச்சுப்பணி எதிர்ப்பாளர்களுக்குத் தெரியவரவே, அச்சான தாள்களுடன் வொர்ம்ஸ் நகருக்குத் தப்பினார். 1526இல் அங்கு முழு நூலும் வெளிவந்தது. வணிகச் சரக்குகளுக்குள் மறைத்து இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்ட படிகளை டன்ஸ்டால் எரிக்கச் செய்தார். அப்பதிப்பில் இன்று மூன்று படிகளே எஞ்சியுள்ளன.

சொற்கள் எழுப்பிய சர்ச்சை

மொழிபெயர்த்ததோடு, எந்தச் சொற்களைத் தேர்ந்தார் என்பதும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. 'எக்லேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திருச்சபையைக் குறிக்கும் 'சர்ச்' என்பதை விடுத்து, கூடியிருக்கும் மக்களைக் குறிக்கும் 'காங்கிரிகேஷன்' என்பதைப் பயன்படுத்தினார். குருவைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாக மூப்பர் என்ற பொருளுடைய சொல்லை இட்டார். 'பாவப்பரிகாரம் செய்' என்று வழங்கிய இடத்தில் 'மனந்திரும்பு' என்ற பொருள்பட எழுதினார். பாவமன்னிப்பில் குருவுக்கு இருந்த இடத்துக்கே மறைநூல் சான்று உண்டா என்ற கேள்வியை இது எழுப்பியது. 1529இல் தாமஸ் மோர் இவரைக் கடுமையாக மறுத்து நூல் எழுதினார். 1531இல் டின்டேல் விடையளித்தார்.

கைதும் மரணமும்

ஆண்ட்வெர்ப் நகரில் தங்கிய டின்டேல், எபிரேயம் கற்று, பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களை 1530இல் வெளியிட்டார். 1535 மே மாதம், நண்பராகப் பழகிய ஹென்றி பிலிப்ஸ் என்பவர் அவரைக் காட்டிக்கொடுத்தார். பிரசல்ஸ் அருகிலுள்ள வில்வோர்ட் கோட்டையில் ஓராண்டுக்கும் மேல் சிறைப்பட்டிருந்தார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. குளிருக்கு வெப்பமான தொப்பியும் இரவுக்கு ஒரு விளக்கும் கேட்டவர், எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய விவிலியம், இலக்கணம், அகராதி ஆகியவற்றைத் தருமாறு அதில் வேண்டியிருந்தார். 1536 அக்டோபரில் கழுத்து நெரிக்கப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது.

தாக்கம்

அதற்குள் மன்னர் எட்டாம் ஹென்றி உரோமையுடன் உறவை முறித்திருந்தார். டின்டேலின் மொழிபெயர்ப்புகளைப் பெரும்பகுதியாகக் கொண்ட 'மேத்யூ விவிலியம்' 1537இல் மன்னரின் அனுமதியுடன் வெளிவந்தது. அதன் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் புதிய ஏற்பாடும் பெருமளவு அவருடைய சொற்களையே பின்பற்றியது. பாஸ்கா விழாவைக் குறிக்கும் 'பாஸ்ஓவர்', பிறர் பழியைச் சுமப்பவரைக் குறிக்கும் 'ஸ்கேப்கோட்' ஆகிய சொற்கள் அவர் உருவாக்கியவை. ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றன.