சுடுகிற பிளக்கை டிரிப்பர் அறியாது

2023 ஆகஸ்டில் மணலியை ஒட்டிய மாத்தூர் எம்எம்டிஏவில் ஒரு பாட்டியும் மூன்று சிறுமிகளும் தூக்கத்திலேயே இறந்தார்கள். கொசுவிரட்டி மெஷின் உருகி, பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் விழுந்து புகைந்திருக்கிறது. கொன்றது நெருப்பு அல்ல, புகை. மறு ஆண்டு செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து உயிர்கள் போயின. இடிக்கச் சொல்லி மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்த கட்டடம் அது. நோட்டீஸ் கொடுத்ததோடு வேலை முடிந்தது போலும்!

கொசுவிரட்டி இழுப்பது சில வாட்தான். ஆனால் காசிமேட்டு வாரியக் குடியிருப்புகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜ், மிக்சி, அயர்ன் பாக்ஸ், செல்போன் சார்ஜர் எல்லாம் தொங்கும். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், கெட்டில் 1,500 வாட். சாதாரண 6 ஆம்ப் பாயின்ட் தாங்குவதோ 230 வோல்ட்டில் 1,380 வாட். பெரிய பிளக் உள்ளே போகவில்லை என்றால் கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கிச் செருகிவிடுகிறார்கள். பிளக் நுழைந்துவிடும், சுவருக்குள் போகும் வயர் பழைய வயர்தான்.

இதில் கடற்காற்று வேறு. பித்தளைப் பின் பச்சை பூத்து, சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு கருகும்.

“டிரிப்பர் இருக்கே, விழுந்துடும்” என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கிற பதில். விழாது. அளவுக்கு மேல் கரன்ட் போனால், அல்லது ஷார்ட் ஆனால்தான் எம்சிபி என்கிற அந்த டிரிப்பர் விழும். லூசான பின்னில் 8 ஆம்ப் ஓடிச் சூடானால் அதற்குத் தெரியாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றும், கட்டாயம் இருக்க வேண்டும்; ஆனால் அதுவும் இந்தச் சூட்டை அறியாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால், அந்தப் பாயின்ட்டை அன்றே நிறுத்த வேண்டும்.

ஏசி, ஹீட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்ப் பாயின்ட், எர்த். வேலைக்கு வருபவரிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் சான்றைக் கேட்க வேண்டும். ஏரியாவில் நல்ல பையன் என்பது சான்று ஆகாது. சாமான் கூடினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பெற்றோர் விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கிளம்பும் வீடுகளில், பிள்ளைகள் தூங்கும் அறையில் எதுவும் செருகியபடி இருக்கக் கூடாது. மறுபடியும்: சுடுகிற பிளக்கை ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விடக் கூடாது.

தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது எட்டவில்லை என்றால் எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112. தண்ணீர் ஊற்றவே கூடாது.

அடுத்தது காகிதம், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதிகாரிகள் ‘மின்கசிவு’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடப் பார்ப்பார்கள். விடக் கூடாது. தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கை கேட்டு எழுத்தில் மனு, காவல் நிலையத்தில் புகார், அதற்கு மனு ரசீது. உயிரிழப்போ காயமோ இருந்தால் 2003 மின்சாரச் சட்டம் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். போனதா என்று கேட்க வேண்டும்.

பொருளே பழுது என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். வழிகாட்ட 1915 என்ற எண் உண்டு. மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. பில், கருகிய பிளக், புகைப்படம் மூன்றும் பத்திரமாக இருக்க வேண்டும். ‘செக் பண்ணித் தருகிறோம்’ என்று கம்பெனி ஆள் வந்து கேட்டாலும், எழுத்தில் ரசீது வாங்காமல் எரிந்த மெஷினைக் கொடுக்கக் கூடாது.