வேகாத பானையின் மின்சாரம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் செய்யும் ஃபியூஸ் கட்டைக்கு ஒரே வேலைதான்: தன் உடம்பு வழியாக மின்சாரத்தை விடக் கூடாது. சூளையின் 1,200 டிகிரி வெப்பம் களிமண்ணின் நுண்துளைகளை அடைத்து இறுக்கிவிடுகிறது. தண்ணீர் புக இடமில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் அயனிகளுக்கு நடமாட்டமும் இல்லை.

சூளை ஏறாத ஈரக் களிமண்ணின் குணமே வேறு. 1809இல் மாஸ்கோவில் ராய்ஸ் என்ற வேதியியலாளர் ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை நட்டு, தண்ணீர் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சினார். எதிர்முனைக் குழாயில் தண்ணீர் ஏறியது. நேர்முனைக் குழாயிலோ மண்துகள் கிளம்பிக் கலங்கலாயிற்று. களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதை ஒட்டிய நீரிலுள்ள நேர் அயனிகள் எதிர்முனைக்கு ஓடும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன.

இந்த இழுபறியில் மாட்டிக்கொள்வது ஈரமண்ணில் வாழும் பாக்டீரியா. அதன் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உடையது. மின்புலம் அதை நேர்முனைக்கு இழுக்க, ஓடும் நீர் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. எது ஜெயிக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. தண்ணீர் எளிதில் இறங்காத களிமண்ணில் எண்ணெய் கசிந்துவிட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரேட் போன்ற ஊட்டத்தைக் கொண்டுசேர்க்கச் சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் அளவிலான புலமே உதவும். சிக்கலும் உண்டு. நேர்முனையருகே அமிலமும் எதிர்முனையருகே காரமும் சேர்ந்து அந்த உயிர்களையே கொன்றுவிடலாம். அதனால் முனைகளை அவ்வப்போது மாற்றிப் போடுவார்கள்.

மின்சாரத்தை வாங்குவதோடு நில்லாமல், கொடுக்கும் பாக்டீரியாவும் உண்டு. 1987இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்று வண்டலில் டெரெக் லவ்லி கண்ட ஜியோபாக்டர் இனம், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இரும்பு ஆக்சைடிடம் எலெக்ட்ரான்களை ஒப்படைத்துச் சுவாசிக்கிறது. இந்த ஆக்சைடு, செம்மண்ணுக்குச் சிவப்பேற்றும் அதே வகைப் பொருள்தான்! பக்கத்தில் கார்பன் தகட்டை வைத்தால் எலெக்ட்ரான்களை அதில் இறக்கிவிடும். கம்பி இணைத்தால் மின்சாரம்.

இதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர் மின்கலத்தில், எலெக்ட்ரான் கம்பி வழியே போகும்போது புரோட்டான் இன்னொரு வழியே கடந்தாக வேண்டும். அதற்கு வழக்கமாக வைப்பது நாஃபியான் என்ற விலையுயர்ந்த சவ்வு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கங்ரேகர் குழுவினர் அதற்குப் பதில் மண்பானையை வைத்தார்கள். 2010இல் வெளியான ஆய்வில், அரிசி ஆலைக் கழிவுநீர் ஊற்றிய பானை, சவ்வு வைத்த கலத்தைவிட அதிக மின்சாரம் தந்தது. ஒரு கலத்தில் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான் என்பது வேறு விஷயம்.

பானையின் நுண்துளையில் ஊறி நிற்கும் தண்ணீரே புரோட்டானுக்குப் பாதை. கண்ணாடிபோல் இறுகிய ஃபியூஸ் கட்டை இந்த வேலைக்கு ஆகாது. விருத்தாசலத்துச் சூளைக்காரர் ‘இன்னும் வேகல’ என்று ஒதுக்கிவைக்கும் பக்குவம்தான் இங்கே கேட்கப்படுவது.